பல்லில்லாத கடி

பதினான்காம் தடத்தின் கடைசி டிராமை
பணிமனைக்குள் நிறுத்திய டிசம்பர் இரவில்
மணல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.
இடது காது
பழைய பயணச்சீட்டுபோல் பஞ்ச் அடிக்கப்பட்டிருந்தது.
மூக்கின் மேல் சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு.
அதனால் குஸிக்.
போலந்துக்காரர்கள் பொத்தானை அப்படித்தான் கூப்பிடுவோம்.

டாக்டர் பொகூமிலா மூன்று சொட்டு ரத்தம் எடுத்தார்.
பத்து நிமிடம்.
வெள்ளைப் பட்டையில் இரண்டாவது கோடு
அழைக்காத விருந்தாளிபோல்
மெல்ல வந்து உட்கார்ந்தது.
இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும்
எழுந்து போகவில்லை.

"எஃப்ஐவி. கடியில் வந்திருக்கும்" என்றார்.
"ஆழமான கடி, தெருச்சண்டை.
உங்களுக்கு ஒட்டாது.
கவனித்துக்கொண்டால் பல வருஷம் இருப்பான்.
வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள்."

வூச் நகரில் செய்தி
டிராமைவிட வேகமாக ஓடும்.
மறுநாள் மெக்கானிக் டொபியாஷ்
தன் தேநீர்க் கோப்பையைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.
நான் விளக்கவில்லை.
சாவி எங்கே இருக்கிறதென்று தெரியும்,
ஒரு வாரம் அவர் கோப்பையில்தான் குடித்தேன்.

மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வலை.
பச்சை இறைச்சி கிடையாது.
ஞாயிறு காலை அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன்,
இறங்குவேன், நான் மட்டும் ஏறுவேன்.
மொத்தத்தில் என்னைக் கழித்தால்
மிஞ்சுவது நாலு கிலோ இருநூறு.
நோட்டில் எழுதுவேன்.
என் எடையை எங்கும் எழுதுவதில்லை.

ஒட்டிலியா டிக்கெட் பரிசோதகர்.
என் வண்டியிலேயே பதினோரு வருஷம் ஏறி இறங்கியவள்.
அவளிடம் ஸூப்பா, கிழட்டுச் சாம்பல் பூனை,
யாரையும் மதிக்காதவள்.
"இரண்டும் கடித்துக்கொண்டால்?" என்றேன்.
"நாம் கடித்துக்கொண்டால்?" என்றாள்.

நடைவழியில் கம்பிவலைக் கதவு போட்டோம்.
ஐந்து மாதம்.
அந்தப் பக்கம் அவளும் ஸூப்பாவும்,
இந்தப் பக்கம் நானும் குஸிக்கும்,
தரையில் உட்கார்ந்து
வலையின் கண்கள் வழியாக
ஊறுகாய் வெள்ளரித் துண்டுகளை நீட்டிக்கொண்டோம்.
நாற்பத்தேழு வயதில் எனக்கு
காதல் முழங்கால் வலியோடுதான் வந்தது.

மார்ச்சில் அவன் ஈறுகள் சிவந்து பொங்கின.
கிண்ணத்தருகே போவான், ஒரு வாய் வைப்பான்,
அலறிக்கொண்டு கட்டிலடியில் ஓடுவான்,
உணவே அவனைக் கடித்ததுபோல.
மருந்து கொடுத்தோம். அரைத்துக் கொடுத்தோம்.
விரலில் தடவிக் கொடுத்தோம்.
மூன்று கிலோ அறுநூறு.
அந்த எண்ணை எழுதிய பேனாவை
ஏனோ வீசிவிட்டேன்.

பல் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்றார் பொகூமிலா.
என் கோடை விடுமுறை அதில் போயிற்று.
டொபியாஷ் ஒரு உறை கொடுத்தார்,
உள்ளே நூறு ஸ்வாட்டி.
"கோப்பைக்கு வாடகை" என்றார்.
தெரிந்திருக்கிறது கிழவனுக்கு.

நான்காம் நாள் குஸிக்
சூரை மீன் கூழை
தட்டு நகர நகர
சமையலறையின் மறுகோடி வரை நக்கிக்கொண்டே போனான்.

கதவைக் கழற்றியது ஆகஸ்டில்.
இரண்டு மணிநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஸூப்பா அவன் கம்பளத்தில் உட்கார்ந்தாள்,
அவன் பாய்ந்தான்,
அவள் கழுத்தைக் கவ்வினான்,
நாங்கள் இருவரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு ஓடினோம்.

கழுத்து முழுக்க எச்சில்.
வேறொன்றுமில்லை.
அவன் வாழ்நாளின் ஆக மூர்க்கமான கடி
வெறும் கடி ஜோக் ஆகிவிட்டது.
ஸூப்பா எழக்கூட இல்லை.
நனைந்த மயிரை ஒருமுறை பார்த்தாள், பிறகு எங்களை,
டிக்கெட் இல்லாதவர்களை ஒட்டிலியா பார்க்கும் அதே பார்வை.

எந்த வாயால் நோய் வெளியே போகுமோ
அந்த வாயை
வலி வந்து காலி செய்துவிட்டுப் போயிருந்தது.
இதற்கு நன்றி சொல்வதா என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இன்று இடது கண்ணில் நீர் வடிகிறது.
நோட்டில் குறித்துவிட்டேன்.
சாதாரணச் சளியாக இருக்கலாம்.
அவனுக்கு எதுவும் சாதாரணமில்லை என்பதால்
காலை எட்டுக்குப் போன் செய்ய ஒட்டிலியாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நாலு பத்துக்கு முதல் வண்டி.
சீருடைக் கோட்டின் கையில் படுத்திருக்கிறான்.
இழுத்தால் என் கட்டைவிரலைக் கவ்வுகிறான்,
வெதுவெதுப்பாக, தன் முழுப் பலத்தோடு.
இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.