ஆட்சேபனை

விவாகப் பதிவாளர் அவர்களுக்கு,
உங்கள் கந்தோர் வாசல் பலகையில்
நுளம்பு ஒழிப்பு அறிவித்தலுக்குப் பக்கத்தில்
எங்கள் இரண்டு பேரையும் குண்டூசியால் குத்தியிருக்கிறீர்கள்.
ஆட்சேபனை உள்ளவர்கள்
எழுத்தில் தரலாம் என்று கீழே இருக்கிறது.
தருகிறேன்.
மணப்பெண் நான்தான்.
வயது நாற்பத்தொன்பது.

பத்தொன்பது வருடமாக
வெள்ளவத்தையில், ரயில் போனால் கோப்பை கிலுங்கும்
ஓர் இரண்டாம் மாடியில்
நானும் லலந்தவும் குடியிருக்கிறோம்.
மீன்குழம்புக்கு எவ்வளவு கொரக்காய் போடுவது என்பதில்
இன்னும் உடன்பாடு வரவில்லை.
அதற்கு அரசாங்கம் தேவைப்படவுமில்லை.

எங்களுடைய ஆட்கள் கலியாணப் பதிவை
எழுத்து என்றுதான் சொல்வார்கள்.
எழுத்து முடிஞ்சுதோ, என்று கேட்பார்கள்.
எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால்
வேறொரு கொப்பி ஞாபகம் வரும்.
யுத்த காலத்தில் இதே ஒழுங்கையில்
யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று
பொலிசில் பதிய வேண்டும்.
அறை எடுத்த அன்றிரவே
வரிசையில் நின்று என்னை எழுதுவித்தேன்.
பிறந்த இடம். வந்த காரணம். போகும் திகதி.
காரணம் வேலை என்றேன்.
திகதிக்கு நான் வாய் திறக்காதபோது
எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார்.
அன்றைக்கு எடுத்த முடிவு:
இந்தக் கொப்பிக்கு என்னில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை.
பதியாமல் நான் வைத்திருந்த ஒரே சொத்து
லலந்த.

அவன் சிரிப்பான்.
இரத்மலானை ரயில் வேர்க்‌ஷொப்பில் அவனுக்குச் சம்பளம்.
மாதம் தவறாமல்
விதவைகள் அநாதைகள் நிதிக்கென்று வெட்டுகிறார்கள்.
துண்டைக் காட்டிச் சொல்வான்:
"பார், உன்னை விட
அரசாங்கம்தான் என் விதவையை நம்புது."

மாசியில் குளியலறையில் விழுந்தான்.
களுபோவில ஆஸ்பத்திரி.
மண்டைக்குள் இரத்தம், வெட்ட வேண்டும்,
கையொப்பம் வேண்டும் என்றார்கள்.
பேனையைத் திறந்துவிட்டேன்.
நோயாளிக்கு நீங்கள் யார்?
சிங்களத்தில் கேட்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்.
அந்தக் கேள்விக்கு மட்டும்
இரண்டு மொழியிலும் என்னிடம் சொல் இல்லை.

அம்பலாங்கொடையிலிருந்து அவன் தம்பி வந்தான்,
ஒரு புதுவருஷத்துக்கும் எங்கள் படி ஏறாதவன்.
ஈரச் செருப்போடு நின்று படிவத்தை வாங்கினான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
"அக்கே, போடவா?"
போடு என்றேன்.
போட்டான்.
என் சொல், அவன் கையெழுத்து.
சட்டத்துக்குக் காது இல்லை, கண் மட்டும்தான்.

அந்தப் பொடியன் கெட்டவனாக இருந்திருந்தால்?
விடியும்வரை வாங்கில் இருந்து
இதையே யோசித்தேன்.
பத்தொன்பது வருடம் நான் காத்த சுதந்திரம்
முன்பின் தெரியாத ஒருவனின்
நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

லலந்த பிழைத்தான்.
இடது கை இன்னும் சொல் கேட்பதில்லை.
வலது கையால் உங்கள் படிவத்தை நிரப்பினான்.

ஆகவே ஐயா, என் ஆட்சேபனை:
இனம் என்ற கட்டம் எதற்கு?
தகப்பன்மாரின் தொழில் எதற்கு?
இருவரும் செத்து இருபது வருஷம்.
உங்கள் லிகிதர் என்னைக் கேட்காமலே
கன்னி என்று எழுதினார். லலந்த இருமினான்.
ஆஸ்பத்திரிக் கதவுக்கு ஒரு சாவி கேட்டு வந்தோம்.
சாவி தருகிறவர்
வீட்டுக்குள் வந்து கட்டிலை அளக்கத் தேவையில்லை.
எங்களுக்கு மேல்மாடியில்
ஒட்டிலியாவும் ஷிராணியும், எங்களை விடப் பழைய சோடி.
அவர்களுக்கு உங்கள் பலகையில்
குண்டூசியும் இல்லை.

இதைப் பதிந்து
இலக்கத்தைத் தாருங்கள்.
வெள்ளிக்கிழமை பத்தரைக்கு
லலந்தவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவேன்.
உங்கள் வாசலில் ஏழு படி, பிடிக்கக் கம்பி இல்லை,
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
பேனை நான் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
சி. வசுமதி
நோயாளிக்கு உறவு: வெள்ளிக்கிழமை வரை
ஒன்றுமில்லை