முப்பது லிட்டர்

பிப்ரவரி. ரீகாவில் ஐந்தாம் மாடி.
வெளியே டிராலி பஸ் கம்பிமேல்
ஒரு விரல் தடிமனுக்குப் பனி.
உள்ளே, செருப்பு அலமாரியின் மேல்
முப்பது லிட்டர் கோடை.
அதைத்தான் இன்று கலைக்கிறேன்.

"இது நாலாவது தடவை, விஸ்மா" என்கிறார் ஆல்டிஸ்
காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே.
மூன்றாவது.
எண்ணிக்கையில் அவர் எப்போதும் தாராளம்.

முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் வாளிக்குள்
முதலில் ஆறு மீன்கள்.
பிறகு இறால்கள், அரிசி நீளம், மிளகாய்ச் சிவப்பு;
பதினொன்றையும் எண்ணித்தான் இறக்கினேன்.
செடிகளைப் பிடுங்கப் பிடுங்க
மணலடியில் இரண்டு வருடமாய் அடைத்திருந்த மூச்சு
அழுகிய முட்டை நாற்றத்தோடு
மொளுக் மொளுக்கென்று மேலே வந்தது.
தரையில் கொஞ்சம் சிந்தியிருக்கும்.
கீழ் வீட்டு ஸ்கைத்ரீதே
துடைப்பக் கட்டையால் இரண்டு தட்டு தட்டினாள்.

கடைசியில் அந்தக் கல்.
தௌகவா கரையில் நானே பொறுக்கியது.
கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவைப் போல
நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.
அதைச் சுற்றி எதை நட்டாலும் மஞ்சளாகும்.
கண்ணாடியில், நீர்மட்டம் தொடும் இடத்தில்
வெள்ளையாய் ஒரு பொருக்கு.
விளக்கைக் குறை சொன்னேன், உரத்தை, குழாய்த் தண்ணீரை,
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்டிஸையும்.
கல்லை மட்டும் விசாரிக்கவில்லை.

வினிகர் சொட்டினேன். ஒன்றுமில்லை.
கத்தி முனையால் சுரண்டி
விழுந்த பொடியில் மறுபடி சொட்டினேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு
மெல்ல, மிக மெல்ல, நுரைத்தது.

பஸ் பணிமனையில் கணக்கு பார்க்கிறவள் நான்.
டீசலில் அரை லிட்டர் குறைந்தால் கண்டுபிடிப்பேன்.
என் வீட்டிலேயே ஒரு கல்
தினம் ஒரு துளியாய்க் கரைந்து
தண்ணீரைக் கடினமாக்கியது எனக்குப் பிடிபடவில்லை.
தூக்கியெறிய மனமில்லை.
இப்போது அது பால்கனிக் கதவுக்கு முட்டு.

புதியவை மூன்று. கிரானைட்.
சேசிஸ் பக்கம், ஒன்றுவிட்ட தம்பியின் உருளைக்கிழங்கு வயலில்
கலப்பையை உடைத்ததால் திட்டு வாங்கி
ஓரத்தில் கிடந்தவை.
எந்தக் காலத்திலோ வடக்கேயிருந்து பனிப்பாறை சுமந்து வந்து
பாதி வழியில் போட்டுவிட்டுப் போனவை.
வினிகருக்கு மசியவில்லை, சுரண்டியும்.

பெரியதை நடுவிலிருந்து தள்ளி வைத்தேன்.
சமையலறை வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு விரல் சாய்த்தேன்: மலை வந்துவிட்டது.
இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்: மலை போய்விட்டது.
அதைத் திரும்ப வரவழைக்க
இரவு பதினொன்றரை ஆனது.
இடுக்கியால் ஒவ்வொரு தண்டாக நட்டேன்;
நட்டதில் பாதி மிதந்து வந்து என்னைப் பார்த்தது.
மணல் கலங்காமல் இருக்க ஒரு தட்டின் மேல்
தண்ணீரைக் கோப்பை கோப்பையாய் ஊற்றினேன்.
காலையில் பார்த்தால் எல்லாம் கஞ்சித் தண்ணீர்.

இரண்டாம் வாரம் இலைகள் கரையத் தொடங்கின.
கண்ணாடித்தாள் போலாகி, பிறகு அதுவும் இல்லாமல்.
ஆல்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
இறால்கள் ஒன்பதுதான் தேறின.
இரண்டு நஷ்டம் என்று எழுதிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள், குளியலறை ஜன்னலில்
ஒரு ஊறுகாய் ஜாடி.
வேண்டாமென்று பிடுங்கிய பாசியை அதில் போட்டு
மறந்தே போயிருந்தேன்.
கொட்டிக் கழுவப் போனவள்
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
பாசிக்குள் சிவப்பாய் இரண்டு.
அவற்றைச் சுற்றி இமைமுடி நீளத்தில்,
கண் மட்டுமே உடம்பாய்,
அசைந்தால்தான் இருப்பது தெரிகிற எத்தனையோ.

கிரானைட்டின் அடியில், அழுகிய தண்டில்,
அன்றுதான் ஒரு பச்சை நுனியும் கண்ணில் பட்டது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

பல் துலக்கிக்கொண்டே ஜாடிக்குள் எட்டிப் பார்த்து
"நாற்பது இருக்கும்" என்கிறார் ஆல்டிஸ்.
இருபத்தாறு.
இருக்கட்டும்.