எது நல்லது

காஸ்த்ரோ நகரத்தில் மழை
வருஷத்தில் பாதி நாள் நேரத்துக்கு வரும்,
மீதி நாள் தாமதமாக வரும்.
கடைக்குள் நுழைகிறவர்கள்
குடையை உதறிவிட்டுக் கேட்பது ஒன்றுதான்:
"எது நல்லது?"

நல்லது என்று ஒன்று இருந்தால்
இத்தனையை ஏன் அடுக்கி வைத்திருக்கிறேன்?

எதுலியா கார்காமோவும் அதையே கேட்டாள்.
இரண்டு மணி நேரப் படகுத் தொலைவில் அவள் தீவு.
துறையில் சீட்டுக் கிழிப்பதும் அவள்,
ஊருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவள்.
மாதம் ஏழெட்டுப் பக்கம் அச்சடிக்க வேண்டும்:
படகு நேரம், கூட்டத் தேதி,
யாராவது இறந்தால் அவர் பெயர்.

சலுகை விலையில் மினுக்கிக்கொண்டிருந்தது
வண்ண அச்சு இயந்திரம்.
அவள் கை அதன் மேல் போனது.
"வேண்டாம்" என்றேன்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
மாதம் ஏழு பக்கத்துக்காக
மை காத்துக்கொண்டு இருக்காது,
மூக்கடைத்துப் படுத்துவிடும்.
வக்கீல் அலுவலகத்தில் கழித்துவிட்ட
லேசர் ஒன்று இருந்தது, கறுப்பு மட்டும்.
பொடிக்குக் காயத் தெரியாது.
ஒரு வருஷம் தூங்கினாலும்
எழுப்பினால் எழுந்துகொள்ளும்.

விலை உயர்ந்ததை விற்கவில்லை என்ற பெருமையில்
அன்று இரவு
கைராசிக்கார வைத்தியனைப் போலத் தூங்கினேன்.

அடுத்த வியாழன் வந்துவிட்டாள்,
இயந்திரத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி
இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.
"பொத்தானை அமுக்கினேன்,
வீடு இருண்டுவிட்டது" என்றாள்.

கூரையில் இரண்டு சூரியத் தகடு,
அடியில் ஒரு பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர்.
லேசர் சூடேற இழுத்த இழுப்பில்
அது மூச்சுவிட்டு உட்கார்ந்துவிட்டது,
விடியும்வரை எழவில்லை.
மருந்து வைக்கும் குளிர்பெட்டியும் அதோடு.
"பௌதிலியோவின் இன்சுலினை
போத்தலில் போட்டு மூடி
கிணற்றுக்குள் இறக்கிவைத்தேன்.
கெட்டுப்போகவில்லை" என்றாள்.

எத்தனை பக்கம் என்று கேட்டேன்,
என்ன நிறம், எவ்வளவு பணம் என்று கேட்டேன்.
மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.
சுவரில் ஓட்டை இருந்தால்
அதற்குள் மின்சாரம் இருக்கும்:
நகரத்தில் வளர்ந்தவனின் மூடநம்பிக்கை.

பின்னறையில், பழைய இரும்புக்காரன் வரட்டும் என்று
நான் ஒதுக்கி வைத்திருந்தது ஒன்று:
நாடாவை ஊசியால் குத்திக் குத்தி எழுதுவது,
மருந்துக்கடை ரசீது அடித்து ஓய்ந்தது.
பழைய குண்டு பல்பு அளவுதான் கரண்டு.
ஓட்டிக் காட்டினேன்.
தையல் இயந்திரத்துக்குக் கோபம் வந்ததுபோல் கத்தியது.
தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

"எவ்வளவு?"
"சும்மா எடுத்துக்கொண்டு போ."
"சும்மா வேண்டாம். விலையைச் சொல்,
லேசருக்குக் கொடுத்ததையும்
இரண்டு தடவை படகேறிய கூலியையும் கழி."
கழித்துப் பார்த்தால்
நான்தான் அவளுக்குத் தரவேண்டி இருந்தது.
எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இப்போது யார் வந்து எது நல்லது என்றாலும்
"பிளக் எங்கே?" என்கிறேன்.
முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி.
பின்னணியில் கடகடவென்று அது ஓடுகிறது,
நாய் குரைக்கிறது.
"பூனை இன்னும் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது.
படகு நேரம் பளிச்சென்று விழுகிறது.
ஒரு குறை.
நம் எழுத்தில் ஒன்றுக்குத் தலையில் நெளி உண்டே,
அது மட்டும் விழுவதில்லை.
'மன்யானா' என்கிற சொல்லில் அது இருக்கிறது.
அதனால் தினமும் ஒரு தடவை
பேனாவை எடுத்து
நாளையைக் கையால் திருத்துகிறேன்."