வாளிக் கணக்கு

பால்வண்டி ஓட்டுகிறவன் நான்.
பதினான்கு சக்கரம், இருபத்தோராயிரம் லிட்டர்,
பெல்வாவிலிருந்து தார்த்து வரை இரவுச் சாலை.
எஸ்தோனியாவில் ஏப்ரல் மழை
பாதி பனியாகத்தான் பெய்யும்.
போன வருஷம் அப்படியொரு மழையில்
சக்கரத்தடியில் ஏதோ நெரிபடும் சத்தம்.
ஈரச் சருகு என்று நினைத்துக்கொண்டேன்.
விடிந்ததும் வண்டி கழுவக் குழாயைப் பிடித்தபோது தெரிந்தது,
சருகுக்குக் கால் கிடையாது.

பத்தொன்பது ஏப்ரல்கள், எத்தனை இரவுகள்,
பெருக்கிப் பார்த்தேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.
அதனால் வந்தவன். நல்ல மனசு என்று
யாரும் எழுதிவிட வேண்டாம்.

மினுங்கும் சட்டை, நெற்றி விளக்கு, ஒரு வாளி
எடுத்துத் தந்தாள் வீர்வெ.
பகலில் பல் மருத்துவமனையில் ரசீது போடுகிறவள்.
"கையை நனைத்துக்கொள்,
காய்ந்த கை அவற்றின் தோலுக்கு ஆகாது."
அவ்வளவுதான் பயிற்சி.

காட்டில் குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்து
குளத்துக்குப் போகின்றன.
குறுக்கே எங்கள் சாலை.
நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்து
எதையோ யோசிக்கின்றன.
குனி, எடு, வாளியில் விடு, குனி.
தேரைகள் ஜோடியாக வரும், ஆண் முதுகில் சவாரி.
இரண்டு என்று எழுத வேண்டும்.
ஒன்று என் உள்ளங்கையில் மூத்திரம் பெய்தது.
"நன்றி சொல்கிறது" என்றாள் வீர்வெ.

படிவத்தில் கட்டங்கள்: உயிரோடு, நசுங்கியது,
தவளை, தேரை, காற்று, வெப்பம்.
வேறெதற்கும் கட்டம் இல்லை.
முதுகு விண்விண் என்றது. காலுறைக்குள் பனித்தண்ணீர்.
நூற்றெண்பதைத் தாண்டும்போது
யாரோ சீட்டியடிப்பது கேட்டது.
நான்தான்.
கடன் அடைக்கும் நினைப்பு
எந்த வாளியோடு இறங்கிப் போனதோ.

பதினொன்றரைக்கு மேட்டில் வெளிச்சம்.
அந்த உறுமலை எனக்குத் தெரியும். என் வண்டி.
என் முறைக்குக் காய்தோ ஓட்டுகிறான்.
சாலை நடுவில் நின்று கையை உயர்த்தினேன்.
பிரேக் சீறி நின்றது. கண்ணாடியை இறக்கினான்.
"முற்றிவிட்டதா, ரெய்ன்?"
"பத்து நிமிஷம்."
"பால் திரிந்துவிடும்."
"நாலு டிகிரியில் இருக்கிற பால். யாரிடம் சொல்கிறாய்?"
முணுமுணுத்தபடி எஞ்சினை அணைத்தான்.
பிறகு, யாரும் கேட்காமலே, விளக்குகளையும்.

அப்போதுதான் கேட்டது.
என் எஞ்சினுக்கு அடியில்
இத்தனை வருஷம் கிடந்த சத்தம்,
குளம் முழுக்க, தொண்டை தொண்டையாக,
தூரத்தில் யாரோ மெல்லப் பாத்திரம் உருட்டுவதுபோல.
மூன்று பேரும் பேசவில்லை.
காய்தோ இறங்கி வந்தான்.
ஒன்றே ஒன்றை எடுத்தான், இரண்டு கையாலும்,
நிரம்பிய கோப்பையைக் கொண்டுபோகிற மாதிரி.
"இதை உன் கணக்கில் எழுதிவிடாதே" என்றான்.
வண்டி போன பிறகும் வீர்வெ சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருநூற்றுப் பதினாறு என்று கையெழுத்துப் போட்டு
வீடு வந்தபோது மணி ஒன்றேகால்.
சட்டையை ஆணியில் மாட்டினேன்.
பை அசைந்தது.
கட்டைவிரல் அளவு.
சீட்டு எடுக்காத பயணிபோல் என்னைப் பார்த்தது.

கார்ச் சாவியை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
இந்த ஒன்றைக் கொண்டுபோய்விட
வழியில் எத்தனை மேல் ஏற்றுவேன்?
கொட்டகையில் மகளின் பழைய சைக்கிள் இருந்தது.
முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது.
ஆறு கிலோமீட்டர், முகத்தில் அறையும் மழை,
சட்டைப்பையில் ஈரத்துணி, துணிக்குள் அது.
ஐம்பத்திரண்டு வயது ஆள்
இருட்டில் வளைந்து வளைந்து மிதிக்கிறேன்,
தரையில் ஒவ்வொரு இலைக்கும் விலகி,
தனியாக, சத்தமாகச் சிரித்தபடி.

வீர்வெயிடம் சொல்ல வேண்டும்,
படிவத்தைத் திருத்த.