மூன்று இரவுப் பாரம்

ஆடி மாத ஹட்டனில்
எதுவும் நேராக நிற்காது.
கதவு நிலையோடு சண்டை பிடிக்கும்,
லாச்சி பாதியில் இறுகும்,
கலண்டர் தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளும்.

தவமலர் உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தது
ஹார்ட்போட்டில் ஒட்டிய கலியாணப் படம்.
லயத்துச் சுவர் பதினொரு மழைக்காலமாய்
அதன் முதுகுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறது.
முதுகு ஊதி, முகம் குழிந்து
ஒரு முறம் போல.

ஸ்டூடியோக்காரன் அன்று
ஆளுக்கொரு ஓரத்தில் நிறுத்தியிருக்கிறான்.
நடுவில் பூச்சாடி,
பின்னால் திரையில் வரைந்த கடல்.

"நேராக்கித் தாங்கண்ணே,
வாறவங்க சிரிக்கிறாங்க."

கண்ணாடியைக் கழற்றி
ஓரத்தை ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தேன்:
நடுவில் ஒரு விரற்கடை பள்ளம்.
அவசரப்பட்டு அமுக்கினால்
படத்தின் மேல்தோல் வெடிக்கும்.

அடுப்புக்கு எட்டத்தில்
இரண்டு நாள் முதுகைக் காயவிட்டு,
பிரவுண் பேப்பரை நனைத்து
மாப்பசையால் பின்னால் ஒட்டினேன்.
காயக் காயக் கடதாசி சுருங்கும்,
சுருங்கச் சுருங்க மட்டையைப் பின்னுக்கு இழுக்கும்.
யாரும் சொல்லித்தரவில்லை,
இரண்டு பேரின் படங்களைக் கெடுத்துப் படித்தது.

பாரம் ஏற்றப் போகும்போதுதான் கண்ணில் பட்டது.
குழிந்த மட்டையில்
ஓரத்து ஆட்கள் உள்ளே திரும்பியிருந்தார்கள்.
அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவளும்.

கொஞ்சம் நின்றேன்.
பிறகு றொட்டிக் கடையில் உடைந்த கிரனைட் துண்டு,
அதன் மேல் ஓடாத தையல் மெஷினின் தலை,
அதுவும் போதாமல்
பக்கத்துக் கடை நஸீம் நானாவின் ஐந்து கிலோப் படிக்கல்.
சம்பள நாளில் அதைத் திருப்பிக் கேட்டார்,
கொடுக்கவில்லை.

நான்காம் நாள் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நின்றது.

சனிக்கிழமை வந்தவள்
கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.
"நல்லா வந்திருக்கு."
பிறகு, "இவரு எங்க பாக்குறாரு?"
"கெமராவ."
"ம். அப்பயும் அப்பிடித்தான்."

ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டாள், குறைத்தேன்.
நாலு தக்கைத் துண்டு கொடுத்தேன்:
"மூலைக்கு ஒண்ணாப் பின்னால ஒட்டுங்க.
சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து ஓடணும்,
இல்லாட்டி மறுபடி வளைஞ்சிரும்."
"அதே மாதிரியா?" என்றாள்.
டிக்கோயா பஸ் ஹோர்ன் அடித்தது.
படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

கத்தரிக்கோலைத் தேடும்போது பார்த்தேன்,
மேசை விளிம்பில்
நான்கு தக்கைகளும்
வரிசையாக.