எண் ஆறு

ஃபோவிங்கெலில், தொங்குரயிலுக்கு நேர் கீழே சந்தை.
இருபத்தைந்து கேட்டான். பதினைந்துக்கு இறங்கினான்.
இறங்குகிற நேரம் தலைக்கு மேலே ஒரு வண்டி போனது,
அதனால் பதினைந்தா பதினாறா என்று
எனக்கும் அவனுக்கும் ஒரு யூரோக் கணக்கு
இன்னும் தீரவில்லை.

பதினொரு கிலோ. பழைய பட்டர் நிறம்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
பக்கத்து இருக்கைப் பெண்
குழந்தையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தாள்.
ஒரு மோட்டர், எட்டு வேலை என்று பெட்டியில் போட்டிருந்தது.
குகதாசன் சொன்னார்:
எட்டு வேலை தெரிஞ்ச ஒருத்தன் எங்கட கொம்பனியிலயும் இருக்கிறான்,
பார்த்துக்கொள்.

முதலில் உழுந்து.
நாலு மணித்தியாலம் ஊறினதைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு
இரண்டாம் வேகத்தில் விட்டேன்.
அரைத்தது. பொய் சொல்லக்கூடாது, அரைத்தது.
ஆனால் மா சூடாய் வந்தது,
காய்ச்சல்காரன் கன்னம் மாதிரி.
வடை எழும்பவில்லை. சாப்பிட்டோம்.

பிறகு இறைச்சி அரைக்கும் குழாய்.
அதன் வாயில் துளைத்தட்டு.
அவித்த கோதுமை மாவைக் குழைத்து உள்ளே தள்ளினால்
இடியப்பம்!
தடித்த, கயிறு போன்ற,
யாரோடோ கோபித்துக்கொண்ட இடியப்பம்.
ஆனாலும் கை நோகவில்லை,
எனக்கு அது போதும்.

கோப்பிக் கொட்டை அரைக்கும் கிண்ணத்தில் செத்தல் மிளகாய்.
பன்னிரண்டு செக்கன். இதில் அதை வெல்ல ஆளில்லை.
மூடியைத் திறக்க குகதாசன் பல்கனிக்கு ஓடினார்,
கீழ்வீட்டு ஹெர் போல்ஷ்ரோடர் தும்மியது
மேலே எங்களுக்குக் கேட்டது.
இனி அதில் கோப்பி அரைத்தால்
கோப்பிக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

தேங்காய் துருவ ஒன்றுமில்லை.
எட்டு வேலையை யோசித்த மனிதருக்கு
தேங்காய் ஞாபகம் வர
வுப்பர்ட்டாலில் எந்த மரத்தைப் பார்த்திருப்பார்.

பெட்டியின் அடியில் பாவனைப் புத்தகம்.
முதல் பக்கத்தில் பென்சிலால்
இ. க்ரோனேமான், அறுபத்து நாலாம் ஆண்டு.
சாய்ந்த கூட்டெழுத்து, வாசித்து முடிக்க
ஒரு பின்னேரம் போனது.
அவளும் ஒவ்வொன்றாய்ச் சோதித்திருக்கிறாள்.
மாப் பிசையும் கொக்கி: நல்லது, கிறிஸ்மஸ் மாவுக்குப் போதாது.
முட்டை அடிக்கும் கம்பி: நல்லது.
சாறு பிழியும் பாகம்: குடிக்க ஒரு நிமிடம், கழுவ நாற்பது.
இறைச்சிக் குழாய்க்கு ஒரே சொல்,
கீழே இரண்டு கோடு: ஒருபோதும்.
என்ன நடந்ததோ. யாருடைய விரலோ.
அதன் கீழே நான் தமிழில் எழுதினேன்:
இடியப்பத்துக்கு ஓம். கட்டையால் மட்டும் தள்ளவும்.

ஆறாம் பாகத்துக்கு
மூன்று ஆச்சரியக்குறி.
இதற்காகவே வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாள்,
அவ்வளவு சிக்கனமான மனுஷி.

பெட்டியில் ஆறாம் குழி வெறுமை.
புத்தகத்தில் அதன் படத்தை எண்ணெய் குடித்துவிட்டது.
பேர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.
குழிக்கு ஒரு பக்கம் வட்டம்,
மறுபக்கம் வால் மாதிரி ஏதோ.
குகதாசன் அடிமட்டத்தால் அளந்து
உருளைக்கிழங்கு சம்பந்தப்பட்டது என்கிறார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில்,
இந்த வீட்டில் மோட்டர் போடக்கூடாத நாளில்,
குசினி மேசையில் அதைத் திறந்து வைத்து
வாலைப் பார்க்கிறேன்.

இப்போதைக்கு அந்தக் குழியில்
மிளகாய்க் காம்பு வெட்டும் கத்தரிக்கோல்.
பொருந்தவில்லை.
பெட்டியைத் தூக்கினால் கிலுங்குகிறது.