ஏழு நொடி

திரையின் அடியில் ஏழு நொடி நிற்கும்.
அதற்குள் படித்துவிட வேண்டும் யாரோ ஒருவர்,
சோற்றில் கை வைத்தபடி.
ஆங்கிலச் செய்திக்கு அந்த ஏழு நொடித் தமிழைத் தருவது
என் வேலை.

இன்று மாலை வந்த வாக்கியத்தில்
மரணங்களுக்கு முன்னால் ஒரு சொல் உட்கார்ந்திருந்தது.
ஸ்பேட்.
தமிழில் தட்டியதும் மண்வெட்டியாகிவிட்டது.
இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது நம் எழுத்துக்கு.
வேலையிடத்துச் செய்திதானே,
அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

ஆங்கிலப் பிரிவு ஹுய் லிங்கிடம் கேட்டேன்.
திடீரென்று கொட்டுவது, என்றாள்.
முதலில் ஆறுதான். எங்கோ மலையில் பெய்த மழை
கீழே வெயிலில் நிற்பவனிடம்
சொல்லாமல் வந்து சேருமே, அது.
அப்புறம் எதற்கும் போட ஆரம்பித்தார்கள்.
திருட்டு, மோசடி, ராஜினாமா, தீ.
கல்யாணத்துக்கு?
சிரித்தாள். போடலாம்,
ஆனால் போட்டவருக்குக் கல்யாணம் பிடிக்காது என்று அர்த்தம்.
எத்தனை சேர்ந்தால் போடலாம்?
மூன்று போதும் என்று நினைக்கிறேன்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது நாளில் ஐந்து பேர்.
மூன்றாமவர் பொங்கோலில்,
இன்னும் கண்ணாடி வைக்காத பதினோராம் மாடிச் சன்னல்.
பெயர் வெளியிடப்படவில்லை.

அகராதி ‘பெருக்கு’ என்றது.
நல்ல சொல். ஆடியில் வருவது.
ஆனால் தொடக்கப்பள்ளியில் அதே சொல்லால்தான்
என்னைக் கரும்பலகைக்கு அழைப்பார்கள்:
ஐந்தை நான்கால் பெருக்கு.
பெருக்கினேன். ஊரில் ஆளுக்கு நான்கு பேர் என்று வைத்தாலும்,
வேண்டாம்,
இருபது பேர் ஏழு நொடிக்குள் கொள்ள மாட்டார்கள்.

அப்போது என் மேசைக்கடியில் துடைப்பம் வந்தது.
காலைத் தூக்கிக்கொண்டேன்.
ரஃபீக் பெருக்கிக்கொண்டு போனார்,
காகிதத் துணுக்கு, முறுக்குத் தூள், என் தலைமுடி.
அதுவும் பெருக்குதான்.
வேலை நிறுத்த உத்தரவு நீங்கிய காலையில்
பொங்கோலிலும் யாரோ பெருக்கியிருப்பார்கள்.
சிமெண்டு, ஆணி, ஒற்றைக் கையுறை.
வெள்ளத்தையும் துடைப்பத்தையும்
ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழியில்
ஒன்றை எழுதினால் மற்றது கூடவே வந்து
இடத்தைச் சுத்தம் செய்துவிடும்.

மஸ்தான் அண்ணன் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
“தொடர் மரணங்கள்னு போட்டு முடிம்மா.”
எப்போதும் போடுவது அதுதான்.
தொடர் என்றால் ரயில், எட்டரை மணி நாடகம்,
ஒன்றோடொன்று கோத்தது.
இந்த ஐவரும் சந்தித்ததே இல்லை.
யார் கோத்தது இவர்களை?
கேட்கவில்லை.
ஆறு நிமிடம்தான் இருந்தது.

பத்தொன்பது நாளில் வேலையிடங்களில் ஐவர் மாண்டனர்.
இதைத்தான் அனுப்பினேன்.
வாக்கியத்தில் ஆறு இல்லை.
ஆறு வேண்டாம் என்றும் இருந்தது எனக்கு.

திரும்புகையில் 170-இல் நல்ல மழை.
கைபேசி இருமுறை அதிர்ந்தது:
புக்கிட் தீமா கால்வாய், தொண்ணூறு விழுக்காடு.
கால்வாய்க்குக் கருவி வைத்திருக்கிறார்கள்.
நிரம்புவதற்கு முன்பே வாய் திறந்து சொல்லிவிடுகிறது.
திடீர் என்ற சொல்லை
அதனிடம் யாரும் பயன்படுத்த முடியாது.

பக்கத்து இருக்கையில் ஒருவர்,
பாதுகாப்புக் காலணியில் காய்ந்த சிமெண்டு,
கிராஞ்சி வரை போகிறவராக இருக்கலாம்,
சத்தமில்லாமல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.
என் வரி வந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
மூன்றாம் நொடியில் கட்டைவிரலால் தள்ளிவிட்டார்.
அடுத்து யாரோ மீன் பொரித்தார்கள்.
அவர் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு
கண்ணாடியின் ஆவியைத் துடைத்து
நிறுத்தம் வந்துவிட்டதா என்று பார்த்தார்.